முன்னிலை இல்லாத குரல்

பேச்சுக்கு ஒரு எதிராள் வேண்டும். தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற மூன்றையும் தமிழ் இலக்கணம் 'இடம்' என்ற சொல்லால் குறிக்கிறது. பேசுகிறவன் நிற்கும் இடம், அவன் முன்னே நிற்பவனின் இடம், இருவருக்கும் அப்பாலுள்ள இடம். முன்னிலை என்ற சொல்லே முன்னால் நிற்பதைத்தான் சொல்கிறது. அந்த நடு இடம் காலியாக இருக்கும்போதும் ஒருவன் பேசிக்கொண்டே போனால் அந்தப் பேச்சுக்கு யார் பொறுப்பு, யாரிடம் பொறுப்பு என்பது தத்துவப் பிரச்சினை. இன்று போத்தனூரில் ஏதோ ஒரு வீட்டின் உள்ளறையில் அது அன்றாடப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது.

வீட்டிலிருந்தபடியே குரலைப் பிரசுரிப்பது இப்போது மிக எளிய காரியம். பாட்காஸ்ட் என்கிறார்கள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, சுவரின் எதிரொலி அடங்க ஒரு போர்வையைத் தொங்கவிட்டுக் கைபேசியில் பேசினால் பதிவாகிவிடுகிறது. திருத்துவதற்கு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருவர் உருவாக்கி 2000-ல் வெளியிட்டது. பேச்சு அதில் மேடும் பள்ளமுமான ஒரு கோடாகக் கண்ணுக்குத் தெரியும். இருமலை வெட்டலாம், தடுமாறிய வாக்கியத்தை எடுத்துவிடலாம், இரைச்சலைக் குறைக்கலாம். பிறகு ஒலிக்கோப்பை இணையத்தில் ஓரிடத்தில் வைத்து, அதன் முகவரியையும் அளவையும் வகையையும் ஒரு சிறு உரைக்கோப்பில் குறித்துவிட்டால் போதும். இந்த ஏற்பாட்டை டேவ் வைனர் என்பவர் 2000-ன் இறுதியில் செய்துவைத்தார். 'பாட்காஸ்ட்' என்ற பெயருக்கு மூலமான சொல்லை 2004-ல் கார்டியன் பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி உத்தேசமாகச் சொல்லிப் பார்த்தார், அது நிலைத்துவிட்டது. கேட்பவரின் கருவி அவ்வப்போது அந்த உரைக்கோப்பைப் பார்த்து, புதிதாக ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளும். யாரும் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை என்பதே இதன் விசித்திரம். பேசியவர் வைத்துவிட்டுப் போகிறார். கேட்பவர் வந்து எடுத்துச் செல்கிறார். இருவரும் சந்திப்பதில்லை.

இந்த எளிமையின் அருமை தெரிய வேண்டுமானால் குரலுக்கு இருந்த காவல்களை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் முதலில் ஒலிபரப்பியது அரசாங்கம் அல்ல, ஆர்வலர்கள். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முதலானோர் 1924 மே மாதம் தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப், அதே ஆண்டு ஜூலை 31-ல் ஒரு 40 வாட் கருவியைக் கொண்டு ஒலிபரப்பத் துவங்கியது. பணம் போதாமல் 1927-ல் நின்றது. கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போய், 1930-லிருந்து நகராட்சிச் சேவையாயிற்று. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு வானில் குரல் என்றால் அரசாங்கத்தின் குரல்தான். பேசுவதற்கு இருக்கட்டும், கேட்பதற்கே உரிமம் வாங்கி ஆண்டுதோறும் தபாலாபீசில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 1980-களில்தான் அது ஒழிந்தது. கோவையில் ஜி.டி. நாயுடு ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்துதர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். அவருடைய கனவில்கூட மலிவானது கேட்கும் கருவிதான். பேசும் கருவி எல்லோருக்கும் கிடைக்கும் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க முடியாது. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் சொல்ல 1995 ஆயிற்று. கல்வி நிறுவனங்களுக்கு வெளியே உள்ள அமைப்புகளுக்குச் சமுதாய வானொலியை 2006-ன் கொள்கை திறந்துவிட்டது. திறந்த அந்தக் கொள்கையே சுயமாகச் செய்தி சொல்லும் உரிமையைத் தரவில்லை.

இவ்வளவு காவலும் போத்தனூர் உள்ளறையில் இன்று இல்லை. உரிமம் இல்லை, கோபுரம் இல்லை, நிலைய இயக்குநர் இல்லை. இதற்கு உடனே ஒரு முணுமுணுப்பு எழுவதைக் கேட்கலாம். யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றால் தராதரம் என்ன ஆவது என்று. இந்தக் கேள்வியோடு நான் நேரம் செலவிடப் போவதில்லை. சிறுபத்திரிகை நடத்தியவர்களைப் பார்த்துப் பெரும்பத்திரிகைகள் கேட்ட கேள்வி அது. யார் உங்களை எழுதச் சொன்னார்கள் என்ற கேள்விக்கு, யாரும் சொல்லவில்லை, அதனால்தான் எழுதுகிறோம் என்ற பதிலை நம் மொழியில் ஏற்கனவே சொல்லியாயிற்று. அனுமதியின்றிப் பேசுவதற்கு நியாயம் தேட வேண்டியதில்லை. தேட வேண்டியது வேறொன்று. யாரிடம் பேசுகிறோம்?

போத்தனூர் இதைக் கேட்பதற்குப் பொருத்தமான ஊர். கோவை நகருக்கு ரயில் வருமுன்பே, 1862-ல், போத்தனூருக்கு வந்துவிட்டது. தென்னக ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனை இங்கே இருக்கிறது. இத்தகைய பணிமனைகளில் உருவாகும் பிளாக் கருவியின் இயக்கத்தில் ஒரு நீதி ஒளிந்திருக்கிறது. டோக்கன் முறையுள்ள ஒற்றைப் பாதையில் ஒரு நிலையத்திலிருந்து ரயில் புறப்பட வேண்டுமானால் அடுத்த நிலையம் 'லைன் கிளியர்' தர வேண்டும். கேட்பது இந்த முனை, கொடுப்பது அந்த முனை. அங்கிருப்பவர் ஒப்பாமல் இங்குள்ள கருவியிலிருந்து டோக்கன் வெளியே வராது. அனுப்புகிறவனின் அவசரத்தைப் பெறுகிறவனின் சம்மதம் கட்டுப்படுத்துகிறது. நேர்ப்பேச்சிலும் இதுதான் நடக்கிறது. எதிரே இருப்பவன் தலையசைப்பு, முகச்சுளிப்பு, 'ம்' என்ற ஓசை, இவை ஒவ்வொன்றும் அடுத்த வாக்கியத்துக்குக் கிடைக்கும் லைன் கிளியர். பாட்காஸ்டில் இந்த முனை மட்டும் இருக்கிறது. டோக்கனை நாமே எடுத்துக்கொள்கிறோம்.

இதன் விளைவை நுட்பமாகக் காட்டுவது கொங்குப் பேச்சு. மரியாதைக்கு 'ங்க' சேர்ப்பது தமிழ்நாடு முழுதும் உள்ள வழக்கம்தான். இங்கே அது ஏவலோடு நிற்பதில்லை. ஆமாங்க, இல்லீங்க, மழைங்க, போத்தனூருங்க, வந்தனுங்க. கடைசிச் சொல்லைக் கவனிக்க வேண்டும். வந்தது நான், வினை தன்மை வினை. அதன் முடிவில் ஒட்டிக்கொண்டிருப்பதோ கேட்பவர். என்னைப் பற்றி நான் சொல்லும் செய்திக்குள்ளேயே உங்களுக்கு ஓர் இருக்கை போடப்பட்டிருக்கிறது. எதிரே ஆள் இல்லாமல் 'வந்தனுங்க' என்று சொல்ல முடியாது. சொன்னால் அது நடிப்பு.

இப்படிப் பேசுகிறவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்ததும் முதலில் உதிர்வது இந்த 'ங்க'தான். அவருடைய பேச்சில் மேடைத் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அல்லது பண்பலை அறிவிப்பாளரின் பொய் உற்சாகம். 'வணக்கம் நேயர்களே' என்ற விளி பன்மையில் இருக்கிறது. அதனுள் ஒரு முகமும் இல்லை. ரயில் நிலையத்தின் பதிவு செய்த குரல் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று தொடங்குவதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். மேடையில் நிற்கிற பயணியிடம் சொல்லப்படும் செய்தி, ஆனால் பயணி படர்க்கையில் வைக்கப்பட்டிருக்கிறார். இயந்திரத்துக்கு அது போதும். மனிதக் குரல் தானாக முன்வந்து அந்த இலக்கணத்தை ஏற்றுக்கொள்வதுதான் வருத்தத்துக்குரியது. பேசுகிறவர் கேட்பவரை இழந்துவிட்டார் என்பதற்கு அவருடைய கருத்துகளில் சாட்சி தேட வேண்டாம். வினைமுற்றின் கடைசி அசையில் இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். அது லேசான மறுப்பல்ல. 'ங்க' வெறும் அன்பின் அடையாளமா? தோட்டங்காட்டில் கூலிக்கு நின்றவனிடமிருந்து இந்த 'ங்க' வசூலிக்கப்பட்டது. 'வந்தனுங்க சாமி' என்று அவன் சொல்ல வேண்டும். பதிலுக்கு 'வாடா' என்று வாங்கிக்கொள்ள வேண்டும். வயதில் பேரனாக இருக்கும் பண்ணையாளன் மகனுக்கும் அந்த மரியாதை உண்டு, பாட்டனாக இருக்கும் பண்ணையாளுக்கு இல்லை. வீட்டுக்குள் பெண்ணின் பேச்சுக்கும் இதே கணக்கு வேறு விகிதத்தில் பொருந்தும். இவர்களுக்கு முன்னிலை என்பது முன்னால் நிற்கும் அதிகாரம். அந்த இடம் காலியாவது இவர்களுக்கு விடுதலை. எதிரே யாருமில்லாத அறையில், யாருக்கும் 'ங்க' போடாமல், தன் வாழ்க்கையைத் தன் குரலில் ஒருத்தி முதன்முறையாகச் சொல்லிப் பார்க்க முடிகிறது என்றால், முன்னிலை போய்விட்டதே என்று கண்ணீர் வடிப்பவன் பழைய ஒழுங்கின் காவலனாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்பதால் என் கேள்வி தீர்ந்துபோகவில்லை, கூர்மையடைகிறது. திணிக்கப்பட்ட முன்னிலையிலிருந்து தப்பி ஆளற்ற வெளிக்கு வந்து நிற்பது விடுதலையின் பாதி. யார் தன் முன்னே நிற்க வேண்டும் என்பதைத் தானே தேர்ந்தெடுப்பது மறுபாதி. பண்ணையாளை அடுத்து வந்த கேட்பவர் ஒரு எண்ணிக்கையாக இருந்தால், எத்தனை பேர் கேட்டார்கள், எந்த நிமிடத்தில் விலகினார்கள் என்ற புள்ளிவிவரமாக இருந்தால், அது இன்னொரு எஜமான். கேட்பவர்களை எண்ணத் தொடங்கிய கணத்தில் அவர்கள் படர்க்கைக்குப் போய்விடுகிறார்கள். எண்ணிக்கைக்குப் பணிந்து குரலை மாற்றிக்கொள்பவன் பழைய 'சாமி'யைத்தான் வேறு சொல்லில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எழுத்தும் ஆளற்ற வெளியில்தானே நடக்கிறது, குரலுக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு என்று கேட்கலாம். எழுத்து பிறக்கும்போதே எதிராளின் இன்மையை ஒப்புக்கொண்டுவிட்டது. வாசகன் வேறு காலத்தில், வேறு இடத்தில் வருவான் என்று தெரிந்து அது தன்னை இறுக்கிக்கொள்கிறது. குரல் அப்படியல்ல. அதில் மூச்சு இருக்கிறது, தொண்டையின் ஈரம் இருக்கிறது. அது அருகில் இருப்பதாக வாக்களிக்கிறது. இரவில் காதுக்குள் கருவியைப் பொருத்திக்கொண்டு தனியே படுத்திருப்பவனின் காதோரத்தில் வந்து பேசுகிறது. அவனை அறியாமலே அவனோடு அந்நியோன்னியம் கொண்டாடுகிறது. இந்த நெருக்கம் மெய்யாக இல்லாவிட்டால் அது ஒரு ஏமாற்று. அச்சில் வரும் பொய்க்கு இல்லாத ஒரு துரோகத்தன்மை குரலில் வரும் பொய்க்கு உண்டு.

எல்லை வகுத்துக்கொள்வதில் நம் சிறுபத்திரிகைகளுக்கு அனுபவம் இருக்கிறது. 1959-ல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து', இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துக்கொண்டது. 1971-ல் கோவையிலிருந்து வந்த 'வானம்பாடி' தன்னை விலையிலாக் கவிமடல் என்று அழைத்துக்கொண்டது. இரண்டின் இலக்கியக் கொள்கைகளும் எதிரெதிர் துருவங்கள். ஒன்று தேர்ந்த சிலரைத் தேடியது. மற்றது கூட்டத்தைத் தேடியது. ஆனால் யாருக்கு என்ற கேள்வியை இரண்டும் முதல் பக்கத்திலேயே எடுத்துக்கொண்டன. பதில் சரியா தப்பா என்பது விமர்சகனின் வேலை. கேள்வியைத் தவிர்க்காமல் இருந்தது அவர்களின் நேர்மை.

குரலுக்கு என்ன வழி? சங்க அகப்பாடல்களைத் தொகுத்தவர்கள் அடியில் எழுதிவைத்த கூற்றுக் குறிப்புகளில் ஒரு வழி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒவ்வொரு பாட்டும் யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்று அவை குறிக்கின்றன. அவற்றுள் 'சிறைப்புறம்' என்றொரு வகை. தலைவி தோழியிடம் பேசுகிறாள். தலைவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். அவன் காதிலும் விழ வேண்டும் என்று தெரிந்தே பேசப்படுகிறது. பேச்சின் முகம் தோழியை நோக்கியே இருக்கிறது. வேலிக்கு அப்பாலிருப்பவனைப் பார்த்து நேராகப் பேசியிருந்தால் அது வேண்டுகோளாகவோ சண்டையாகவோ ஆகியிருக்கும். தோழி முன்னே இருப்பதால்தான் அதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மையைக் கேட்கத்தான் அவன் வேலியோரம் நிற்கிறான்.

ஒலிவாங்கியின் முன் அமர்பவருக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. ஒருவரிடம் பேச வேண்டும். அவருக்குப் பெயர் இருக்க வேண்டும். ஒரு அண்ணனோ, பழைய வகுப்புத் தோழியோ, இறந்துபோன தகப்பனாரோகூட. அவர் அறையிலேயே உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. உலகம் முழுதும் வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொள்ளட்டும். கோவையில் விமர்சகர் ஞானி பார்வையை இழந்த பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், 2020-ல் மறையும் வரை, பிறர் படிக்கக் கேட்டும் தாம் சொல்லப் பிறர் எழுதியும் தம் வேலையைத் தொடர்ந்தார். அவருக்கு உரக்கப் படித்தவர்களின் குரல்களுக்கு அப்படியொரு முன்னிலை இருந்தது. புரியாவிட்டால் நிறுத்தச் சொல்லக்கூடிய ஒருவர் முன் படிக்கும் குரல் தன்னை அலங்கரித்துக்கொள்ளத் துணியாது. எந்த ஒலிக்கூடமும் தர முடியாத துல்லியத்தை அந்த ஒரு கேட்பவர் தந்துவிடுகிறார்.

சிறைப்புறம் என்ற கருத்து இன்னொரு கடமையையும் சுட்டுகிறது. தலைவிக்கு அவன் நிற்பது தெரியும். தெரியாமல் பேசியவரின் பேச்சை வேலிக்கு அப்பால் கடத்துவது வேறு காரியம். பேரன் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அம்மிச்சியைப் பேசச் சொல்கிறான். அவர் 'கண்ணு' என்று விளித்துச் சொல்லும் கதையில் பங்காளிச் சண்டை வரும், ஓடிப்போன ஒருத்தி வருவாள், செத்துப்போனவர்களின் கடன் வரும். அந்தக் 'கண்ணு' ஒரே ஒரு ஆள். அதைப் பிரசுரித்ததும் விளி அப்படியே இருக்க, முன்னிலை மட்டும் மாற்றப்பட்டுவிடுகிறது. வட்டார வழக்கைக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமிதத்தில் இது கண்ணில் படாமல் போகலாம். வாய்ப்பேச்சு காற்றோடு போகும் என்ற நம்பிக்கையில்தான் மனிதர்கள் பேசுகிறார்கள். மறதி பேச்சுக்குக் கிடைத்த மன்னிப்பு. பதிவு அந்த மன்னிப்பை ரத்து செய்கிறது. அதை ரத்து செய்யும் உரிமை பேசியவருக்கு மட்டுமே உண்டு. பதிவு செய்ததை அவருக்கே முழுதும் போட்டுக் காட்டி, எதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்பதுதான் குறைந்தபட்ச நியாயம். மென்பொருளில் வெட்டுவதற்கு இருக்கும் கருவி இருமலுக்காக மட்டும் இருப்பதல்ல.

இதுவரை பேசுகிறவனின் கடமையையே சொல்லிக்கொண்டு வந்தேன். இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மை ஆகிவிடும். போத்தனூர் நிலையத்தின் சரித்திரத்தில் ஒரு நாள் அதை அனுமதிக்காது. 1921 நவம்பர் 19-ல், மலபார் கிளர்ச்சியில் கைதானவர்கள் சுமார் நூறு பேரைத் திரூரில் காற்று புகாத ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். காவலர்கள் அதே ரயிலில் வேறு பெட்டியில் இருந்தார்கள். வழியில் நிலையங்களில் ரயில் நின்றது. போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள். பிறகு இறந்தவர்களையும் சேர்த்து அறுபதுக்கு மேற்பட்டோர் மூச்சு முட்டி மாண்டார்கள். தண்ணீருக்கும் காற்றுக்கும் அலறியதைப் பிழைத்தவர்கள் பின்னால் சொன்னார்கள். அந்த அலறலைவிட நேரான முன்னிலைப் பேச்சு இருக்க முடியாது. கதவுக்கு வெளியே நிற்கும் எவனையும் நோக்கி அது எழுந்தது. முன்னிலை காலியாக இருந்தது பேசியவர்களின் குற்றமல்ல. அங்கே வந்து நிற்க வேண்டியவர்கள் நிற்கவில்லை.

அந்த நாளோடு உள்ளறைப் பாட்காஸ்டை ஒப்பிடுவது என் நோக்கமல்ல. அப்படி ஒப்பிடுவது இறந்தவர்களுக்கு அவமரியாதை. ஆனால் குரலின் பிரச்சினையைப் பேசும் வசதியோடு குழப்பிக்கொள்பவர்களுக்கு அது ஒரு பதில். ஒலிவாங்கியும் இலவச மென்பொருளும் எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் குரலற்றவர்களுக்குக் குரல் கிடைத்துவிட்டது என்று ஒரு எளிய நம்பிக்கை உலவுகிறது. குரலற்றவர் என்று யாரும் இருந்ததில்லை. கேட்கப்படாதவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். கருவி பேசுவதை மலிவாக்கியிருக்கிறது. கேட்பதை மலிவாக்க எந்தக் கருவியாலும் முடியாது. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்க ஒரு மணி நேரம் வேண்டும். வேகத்தைக் கூட்டி ஓட்டிக் கேட்கும் வசதியும் இருக்கிறது. அப்படிக் கேட்பவன் எதிராளின் மூச்சை அறுத்துவிட்டுச் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறான்.

ஆகவே வீட்டிலிருந்து குரலைப் பிரசுரிக்க விரும்புகிறவரிடம் கேட்கத்தக்க கேள்விகள், அவருடைய தகுதியைப் பற்றியோ ஒலியின் தரத்தைப் பற்றியோ இருக்க வேண்டியதில்லை. யாரிடம் பேசுகிறீர்கள்? பேசியதை வெளியிடுமுன் ஒருமுறை முழுதும், கேட்பவனாக இருந்து, கேட்டீர்களா? தன் குரலைத் தானே பிறன்போல் கேட்பது கூச்சமான அனுபவம். அந்தக் கூச்சம்தான் இப்போது மிஞ்சியிருக்கிற ஒரே பத்திராதிபர். மூன்றாவது, இன்னும் கடினமான கேள்வி. நீங்கள் பேசிய அளவுக்கு, உங்களுக்குத் தெரியாத யாருடைய குரலையாவது, வேகத்தைக் கூட்டாமல், உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? லைன் கிளியர் தருகிற முனையிலும் யாராவது இருக்க வேண்டும். எல்லோரும் புறப்படும் முனையிலேயே நின்றுகொண்டிருந்தால் பாதை காலியாகக் கிடக்கும். எந்த ரயிலும் எங்கும் போய்ச் சேராது.